உம்மா வீட்டு ஓட்டு

ஏஜெண்ட் பாரத்தை வாங்கிப் பார்த்த சங்கரசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். தேர்தல் வேலைக்கென்று திருநெல்வேலியிலிருந்து காயல்பட்டினம் நகராட்சிக்கு வந்திருந்த எழுத்தர் அவர். காலையிலிருந்து நூறு பாரமாவது பார்த்திருப்பார். இருந்தும் மனுசன் ஒரு வரி விடாமல் படித்தார்.

"வேட்பாளரு ஷம்ஸியா ஒமக்கு என்ன வேணும் தம்பி?"

"என் வீட்டுக்காரி சார்."

"பூத்துல உக்காரப் போறது நீருதானா?"

ரசீத் தலையை ஆட்டினான்.

"உக்கார முடியாதே வே. அந்த வார்டுல ஓட்டு உள்ளவன்தான் அங்கன ஏஜெண்டா உக்காரலாம். ஒம்ம அட்டையில ஏரல்னுல்லா போட்டிருக்கு."

"கல்யாணம் கட்டி ரெண்டு வருசமா இங்கனதான் சார் இருக்கேன்."

"நீரு இங்கன இருக்கீரு. ஒம்ம ஓட்டு ஏரல்ல இருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய? வேற ஆளு பேரப் போட்டு எழுதிட்டு வாரும்."

பாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்த ரசீத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஊரில் இருக்கிற இளவட்டங்களையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பட்டியலில் சேர்த்தவன், தன் பேரை மாற்றிக்கொள்ளவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. போன வருசம் மாற்றுவதற்கு உட்கார்ந்தபோது ஏரலிலிருந்து உம்மா போன் பண்ணியிருந்தாள். "ரேசன் கார்டுலதான் பேர எடுத்திட்ட. ஓட்டுலயாவது எம்மவன் இங்கன கெடக்கட்டுமே" என்று ஒரு வார்த்தை சொன்னாள். சரி, ஒரு ஓட்டுதானே என்று விட்டுவிட்டான்.

படி இறங்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. உம்மா தனக்கு மட்டுமா இருக்கிறாள்? காலை அடுத்த படியில் வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றான்.

காயல்பட்டினத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே நிக்காஹ் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். பெண்ணைப் பெற்றவர்கள் எப்பாடு பட்டாவது அவளுக்கென்று ஒரு வீட்டையோ, வீட்டில் ஒரு பாகத்தையோ ஒதுக்கிவிடுவார்கள். மாப்பிள்ளை ராத்திரி பெண்டாட்டி வீட்டில் படுப்பார், விடிந்ததும் டீ குடிக்க உம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நாலு பிள்ளை பெற்றவரை நிறுத்தி "ஒங்க வீடு எது" என்று கேட்டாலும் உம்மா வீட்டைத்தான் கைகாட்டுவார். பெண்டாட்டி வீட்டில் எத்தனை வருசம் இருந்தாலும் அவர் மாப்பிள்ளைதான், தலையணைக்கு உறை மாற்றிப் போடுகிற மரியாதை கடைசி வரைக்கும் உண்டு. ஏரல்காரனான ரசீத்துக்கு இது முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதென்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அஃப்சல் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நோட்டீஸ் கட்டோடு காத்திருந்தான். இருபத்து மூன்று வயது, உள்ளூர்க்காரன், மொபைல் கடை வைத்திருக்கிறான். ரசீத்தை அண்ணன் முறைக்குக் காக்கா என்பான், ஷம்ஸியாவை அக்கா முறைக்கு லாத்தா என்பான். வாக்காளர் சேர்க்கிற வேலையை இரண்டு பேரும்தான் பங்கு போட்டுச் செய்தார்கள். ரசீத் வீடு வீடாகப் போய் ஆளைப் பிடித்து, பேசி, நோட்டில் கதவு எண்ணோடு பேர் எழுதுவான். அஃப்சல் ஆதார் அட்டையைப் படம் பிடித்து வந்து கடையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை ஏற்றுவான். ஐந்து மாத வேலை. பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வயசுக்குள் இதுவரை ஓட்டே போட்டிராத எழுபத்து நாலு பேர்.

"ஏலே, நாம எழுதுன எழுபத்து நாலுல மாப்பிள்ளைமாரு எத்தன பேரு இருப்பான்?"

"பாதிக்கு மேல இருக்கும் காக்கா. ஏன் கேக்குதீய?"

"அவங்களுக்கு என்ன அட்ரஸ் போட்ட?"

"ஆதார்ல உள்ளதத்தான். வேற எத போட?"

"ஆதார்ல எந்த வீடு இருக்கு?"

"உம்மா வீடு" என்று சொல்லிவிட்டு அஃப்சல் டீ கிளாசை வாய்க்குக் கொண்டுபோனான். ரசீத்தின் முகத்தைப் பார்த்ததும் குடிக்காமல் கீழே வைத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேலே."

"என்னத்தச் சொல்ல காக்கா? ஆம்பளைக்கு உம்மா வீட்டுலதான ஓட்டு இருக்கும். எங்க வாப்பாவுக்கு அறுவத்தி ரெண்டு வயசு, இன்னும் அவங்க உம்மா வீட்டு வார்டுலதான் போய்ப் போட்டுட்டு வாறாங்க. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

கடையின் பின்பெஞ்சில் உட்கார்ந்து இறுதிப் பட்டியலை போனில் திறந்து ஒவ்வொரு பேராகத் தேடினார்கள். பேர் இல்லாமல் யாரும் போகவில்லை, எல்லாரும் இருந்தார்கள். ஆனால் நாலாம் வார்டில் ஏழு பேர், ஒன்பதில் பதினொன்று, பதினாலில் ஆறு என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். சரிபார்க்க வந்தவர்கள் உம்மா வீட்டுக் கதவைத் தட்டி "இவரு இங்கனதான் இருக்காரா" என்று கேட்டிருப்பார்கள். எந்த உம்மா இல்லையென்று சொல்வாள்? ஷம்ஸியா நிற்கிற வார்டில் தேறியது முப்பத்தொன்று. அதில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள், மிச்சம் கல்யாணமாகாத பையன்கள். நாற்பத்து மூன்று பேர் கையில் இல்லை, பேர் சேர்க்கிற தேதியும் முடிந்துபோயிருந்தது.

போன தடவை ஜமாஅத்துப் பெரியவர்கள் நிறுத்திய ஆள் ஜெயித்தது நாற்பது ஓட்டு வித்தியாசத்தில். அந்த நாற்பதைத் தாண்டத்தான் இந்த எழுபத்து நாலு.

"லாத்தாட்ட சொல்லணுமே காக்கா" என்றான் அஃப்சல்.

"நான் சொல்லுதேன். நீ யார்ட்டயும் பேசாத. ஏஜெண்டுக்கு ஒன் பேரையே எழுது, ஒனக்கு இங்கனதான ஓட்டு."

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வீட்டுக்கு நடந்தான். இதில் பொய்யில்லை.

வீட்டில் மாடி வேலை நடந்துகொண்டிருந்தது. ஷம்ஸியாவின் தங்கை அஸீலாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். அவளுக்கான பாகம்தான் அந்த மாடி. சுவர் எழும்பி, தளம் போட்டு, பூச்சு வேலை பாதியில் இருந்தது. கொத்தனார் மாரிக்கண்ணு சாரத்தில் நின்றபடி, "தம்பி, ஓட்டு எப்படி இருக்கு, தேறுமா?" என்று கேட்டார். ரசீத் கையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனான். இந்த வேலை முழுக்க ஷம்ஸியாவின் மாமா அசன் மைதீன் பொறுப்பில் நடப்பது. அவள் வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணிய நாளிலிருந்து ஒன்பது வருசமாகத் தங்கை குடும்பத்தைத் தன் குடும்பமாகப் பார்த்து வருகிறவர். ரசீத்தை ஏரலில் போய்ப் பார்த்துப் பேசி முடித்ததும் அவர்தான். இந்த வார்டில் ஜமாஅத்து சார்பாக யார் நிற்பதென்று முடிவு செய்வதும் அவர்தான். அங்கேதான் வந்தது வினை.

வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. மூன்று தடவையாக மாமா கைகாட்டிய பெண்தான் மெம்பர். அந்த மூன்று பேரில் ஒருத்தரும் ஒரு கூட்டத்துக்குப் போனதில்லை, அவரவர் வீட்டு ஆம்பளைகள்தான் போய் உட்கார்ந்தார்கள். குழாயில் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறதென்று ஷம்ஸியா இருபது பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மனுக் கொடுக்கப் போனாள். "ஒங்க மெம்பரக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். மெம்பர் வீட்டுக்குப் போனால், "வீட்டு ஆளுகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்றாள் அந்த அம்மாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பர்தாவைக் கழற்றுவதற்கு முன்பே ஷம்ஸியா சொல்லிவிட்டாள், "இந்தத் தடவ நான் நிக்குதேன்." அவள் நின்றாள், ரசீத் ஓட்டுச் சேர்க்கக் கிளம்பினான்.

மாமியார் ஜுபைதா பீவி சோறு வைத்துப் புளியாணம் ஊற்றினாள். வறுத்த சீலா மீனில் நடுத்துண்டு எப்போதும்போல் மாப்பிள்ளைக்கு.

"சாப்புடுங்க மாப்பிள. அலைச்சல்ல கன்னம் ஒட்டிப்போச்சு."

சாப்பிட்டான். கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, நாக்கு அப்படி இருந்தது. புளிப்பு தெரியவில்லை, உப்பு தெரியவில்லை. மீனில் முள் இருப்பது தொண்டையில் குத்தியபோதுதான் தெரிந்தது.

ஷம்ஸியா சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தாள். வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்குகள் வழியாகவே அவளும் அஸீலாவும் வார்டை இரண்டு தடவை சுற்றி முடித்திருந்தார்கள். தெருவில் போகிற கட்சிக்காரனுக்குத் திறக்காத கதவெல்லாம் அவர்களுக்குத் திறந்தது. தொண்டை கட்டிப்போய் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள்.

"இன்னைக்கு இருபத்தொரு வீடு. பொம்பளைக ரெண்டு மனசாத்தான் இருக்காவ. மாமாவுக்குப் பயம். ஒங்க எழுபத்து நாலு இருக்குல்லா, அதுதான் எனக்குத் தெம்பு."

இப்போது சொல்லிவிடலாம் என்று ரசீத் வாயைத் திறந்தான். "நாளைக்குக் கடற்கர பக்கம் போகணும், நோட்டீஸ் இருக்கா?" என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றான். நோட்டீஸை எண்ணிக் கொடுத்தான். அதற்கப்புறம் அஸீலா வந்தாள், யாரோ தண்ணீர் கேட்டார்கள், அந்த நேரம் போய்விட்டது.

இப்படியே ஆறு நாள் போனது. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே உருப்படாத காரணம். ரசீத் ஃப்ளெக்ஸ் கட்டினான், ஆட்டோவில் மைக் பிடித்தான், அந்த நாற்பத்து மூன்று பேரில் சிலரைத் தெருவில் பார்த்துக் கைகுலுக்கினான். "ஒங்களுக்குத்தான் காக்கா என் முதல் ஓட்டு" என்று ஒருத்தன் கட்டிப்பிடித்தான். "ரொம்ப சந்தோசம்" என்றான். சந்தோசம் என்ற வார்த்தை எச்சிலைத் துப்புவதுபோல வாயிலிருந்து விழுந்தது. உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை.

வியாழக்கிழமை அசர் தொழுதுவிட்டு அசன் மைதீன் வந்தார். எப்போதும் சலாம் சொல்லிக்கொண்டே அடுப்படி வரைக்கும் போகிறவர், அன்றைக்கு முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜுபைதா பீவி கொண்டுவந்த இஞ்சி டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சத்தம் போடுகிற மனிதர் அல்ல அவர். கொழும்பில் முப்பது வருசம் ரத்தினக்கல் வியாபாரம் பார்த்தவர், எதையும் இறக்கிய குரலில்தான் பேசுவார்.

"ஷம்ஸியா, சண்ட போட வரலம்மா. வாபஸ் தேதி போயிட்டு, எனக்குத் தெரியும். ஒரு நோட்டீஸ் போட்டாப் போதும், ஜமாஅத்து நிறுத்துன ஆளுக்கு என் ஆதரவுன்னு. அடுத்த தடவ நீதான். பள்ளிவாசல்ல வச்சு நானே நாலு பேர்ட்ட சொல்லுதேன்."

"போடலன்னா மாமா?"

"போடலன்னாலும் நீ எந்தங்கச்சி மவதான், அது எங்கயும் போயிராது. ஆனா ஒண்ணு. எனக்கு எதிரா இந்த வீட்டுலருந்து ஒருத்தி நின்னான்னு ஆனபெறகு, அடுத்த மாசம் இதே வாசல்ல நின்னு மாப்பிள்ளைய வாங்கன்னு கூப்புட என்னால ஆவாது. மாடி வேலயும் அப்படித்தான். மனசு ஓடாது. இத இப்பமே சொல்லிருதேன். பின்னால சொன்னா துரோகம்."

ஜுபைதா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளறைத் திரைக்குப் பின்னால் அஸீலாவின் கால் தெரிந்தது. மேலே மாரிக்கண்ணுவின் கரண்டி சுவரைத் தேய்க்கிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஷம்ஸியா மாமாவைப் பார்க்கவில்லை, ரசீத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எழுதுன ஓட்டு நம்ம வார்டுல எத்தன இருக்கு? சரியாச் சொல்லுங்க. அத வச்சுத்தான் நான் பதில் சொல்லணும்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தியால் கேட்க முடியாது. முப்பத்தொன்று என்று சொல்லியிருக்கலாம். மாமா என்ன நினைப்பார்? ஏரல்காரனைக் கொண்டுவந்தோமே, ஊர் வழக்கம் தெரியாத கழுதை, ஐந்து மாதம் நடந்து ஊரான் வார்டுக்கு ஆள் சேர்த்திருக்கிறான் என்று நினைப்பார். சிரிக்கக்கூட மாட்டார், டீயை எடுத்து ஒரு வாய் குடிப்பார். ரசீத்துக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. பெண்டாட்டியின் மானமும் மைத்துனியின் நிக்காஹும் அந்த ஒரு வாய் டீக்குக் கீழே போய்விட்டன. வெட்கக்கேடுதான், இல்லையென்று யார் சொன்னது?

"எழுவத்து நாலு" என்றான்.

ஷம்ஸியா தலையை ஆட்டிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினாள். "அஸீலா, இது ஒன் விசயமும்தான். நீ சொல்லு, நான் நிக்கட்டா, வேண்டாமா?"

திரைக்குக் கீழே தெரிந்த கால் ஓர் அடி முன்னால் வந்தது. பிறகு திரைக்குள்ளிருந்து, "நீ நில்லு லாத்தா. அதான் எழுவத்து நாலு இருக்குல்லா" என்று கேட்டது.

"அப்ப நோட்டீஸ் போடல மாமா" என்றாள் ஷம்ஸியா.

"சரிம்மா" என்று அசன் மைதீன் எழுந்தார். டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, மாடியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மாரிக்கண்ணு வரவில்லை. ரசீத் போன் போட்டதற்கு, "அண்ணாச்சி வேற சைட்டுக்குப் போவச் சொல்லிட்டாவ தம்பி. சாரத்த நாளைக்கி ஆள் விட்டு எடுத்துக்கிடுதேன்" என்றார். சொன்னபடியே எடுத்துக்கொண்டு போனார்கள். பூசிய பாதிச் சுவரும் பூசாத பாதிச் சுவரும் தெருவுக்குத் தெரிய நின்றன.

ஓட்டுப்பதிவு அன்றைக்கு வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. அஃப்சல் பூத்துக்குள் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தான். ரசீத் இருநூறு மீட்டர் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றான். ஏரலிலிருந்து உம்மா போன் பண்ணினாள். "வரலையா வாப்பா? இங்கன கூட்டமே இல்ல, வந்த ஒடன போட்டுட்டுப் போயிரலாம்." வரவில்லை என்றான். "ஒன் பேரு சும்மா கெடக்கே" என்றாள் அவள்.

எட்டு மணிக்கெல்லாம் இளைஞர் குழுவின் வாட்ஸ்அப்பில் விரல்கள் வரத் தொடங்கின. மை வைத்த ஆள்காட்டி விரலைப் படம் பிடித்து ஒவ்வொருத்தனாக அனுப்பினான். முதல் ஓட்டு என்கிற பெருமை வேறு, சிலர் பூ வைத்து அனுப்பினார்கள், சிலர் பூத்து வாசலில் நின்று சிரித்தார்கள். ஷம்ஸியா சாப்பிடாமல் கொள்ளாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தில் கோடு போட்டாள். மூன்று மணிக்கு ரசீத்தைக் கூப்பிட்டாள்.

"அறுவத்தெட்டு வெரலு வந்தாச்சு. மிச்சம் ஆறு பேரையும் கூப்புட்டு வரச் சொல்லுங்க."

கூப்பிடுகிறேன் என்றான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பூத்து மூடுகிற வரைக்கும் அதே மரத்தடியில் நின்றான். கால் வலித்திருக்க வேண்டும், ஆனால் வலிக்கவில்லை.

எண்ணிக்கை முடிந்தபோது இருபத்தேழு ஓட்டில் போயிருந்தது. அஃப்சல் தெருவென்றும் பாராமல் அழுதான். "அந்த நாப்பத்து மூணும் விழுந்திருந்தா பதினாறுல ஜெயிச்சிருப்போம் காக்கா" என்றான். ஷம்ஸியா அப்போது பக்கத்தில் இல்லை, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே மாடிக்குப் போனாள். ரசீத் பின்னாலேயே போனான். சிமெண்ட் வாடை இன்னும் போகவில்லை. ஜன்னல் வைக்காத ஓட்டை வழியாக மத்தியான வெயில் தரையில் விழுந்து கிடந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த சாந்துச்சட்டியின் மேல் அவள் உட்கார்ந்தாள்.

"எழுவத்தொரு வெரலு வந்தது. அதுல யாரு மாத்திப் போட்டிருப்பாங்க?"

"யாரும் மாத்திப் போடல" என்றான் ரசீத். "நம்ம வார்டுல அவங்களுக்கு ஓட்டே இல்ல. நாப்பத்து மூணு பேருக்கு உம்மா வீட்டு வார்டுல பேரு ஏறியிருக்கு. நான்தான் பாக்காம விட்டேன்."

அவள் அதை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"எப்பத் தெரியும்?"

"ஏஜெண்ட் பாரம் குடுக்கப் போன அன்னைக்கு."

"மாமா வந்தது அதுக்குப் பெறகுதான?"

"ஆமா."

கீழே ஜுபைதா பீவி யாரிடமோ போனில், "அல்லாஹ் நாடினது அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஷம்ஸியா அந்தப் பேச்சு முடிகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"முப்பத்தொண்ணுன்னு சொல்லியிருந்தாலும் மாமாட்ட முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "தோக்கப் போறோம்னு தெரிஞ்சே நின்னிருப்பேன். அஸீலாட்டயும் முப்பத்தொண்ணுன்னு சொல்லிட்டுத்தான் கேட்டிருப்பேன். அவ நில்லுன்னு சொல்லியிருப்பாளோ, வேண்டாம்னு சொல்லியிருப்பாளோ, அது அவ வாயிலருந்து வந்திருக்கும். மூணு தடவையா வீட்டு ஆம்பளைகள்லாம் மெம்பருக்கு என்ன செஞ்சாங்களோ, அதத்தான் நீங்க எனக்குச் செஞ்சிருக்கீய. அன்னைக்கு நானும் எந்தங்கச்சியும் சொன்னது எங்க பேச்சு இல்ல. ஒங்க பேச்சு."

ரசீத்துக்கு இத்தனை நாளாக மரத்துக் கிடந்தது அப்போதுதான் வலித்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட வேண்டாம். அவ கீழ இருக்கா. போயி அவட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அஸீலா அடுப்படியில் உட்கார்ந்து மிச்சமான நோட்டீஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது முடித்திருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. மச்சானைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆறுதல் சொல்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"வெறும் இருவத்தேழுலதான போச்சு மச்சான். விடுங்க."

ரசீத் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"இருவத்தேழு இல்லம்மா" என்றான். "நாப்பத்து மூணு."